கைப்பேசி வேலையில் பணம் போய்விட்டால்...



வீட்டில் இருந்தபடியே வேலை, கைப்பேசி ஒன்று போதும், நாள் ஒன்றுக்கு 150 வெள்ளி முதல் 300 வெள்ளி வரை சம்பாதிக்கலாம் என்று ஒரு செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அது வராத கைப்பேசி இன்று நம் தோட்டங்களில் இருக்கிறதா என்பதே சந்தேகம். அதை நம்பாதீர்கள் என்று பத்திரிகையில் எழுதியாகிவிட்டது, வானொலியில் சொல்லியாகிவிட்டது. நான் எழுத வந்தது அதையல்ல. நம்பிப் பணத்தைப் போட்டுவிட்டு, இப்போது யாரிடம் சொல்வது, எங்கே போவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

உங்கள் பணம் இன்றோ நேற்றோதான் போனது என்றால், இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் கைப்பேசியை எடுங்கள். 997 என்ற எண்ணை அழையுங்கள். அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். 2022 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய இந்த மையத்தில் போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. அழைப்பு கிடைக்கத் தாமதமானால் சும்மா காத்திருக்க வேண்டாம். உங்கள் வங்கியை அழையுங்கள். மோசடிப் புகாருக்கென்றே ஒவ்வொரு வங்கியும் 24 மணி நேரமும் இயங்கும் எண் ஒன்றை வைத்திருக்கிறது. பணம் எடுக்கும் கார்டின் பின்புறத்தில் வங்கியின் எண்ணைப் பார்க்கலாம். லயத்தில் லைன் கிடைக்காவிட்டால் மேட்டுக்கு ஓடுங்கள், அல்லது தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள். பேசி முடித்த பிறகு மீதியைப் படிக்கலாம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். நீங்கள் அனுப்பிய பணம் திருடனுடைய சொந்தக் கணக்குக்குப் போகவில்லை. ஏதோ ஓர் ஏழைப் பிள்ளையிடம் இருநூறு முந்நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய கணக்குக்குத்தான் போகிறது. மலாய்க்காரர்கள் இதை ‘அகாவுன் கெல்டாய்’, கழுதைக் கணக்கு என்கிறார்கள். சுமப்பது கழுதை, தின்பது வேறு ஆள். அந்தக் கணக்கிலிருந்து இன்னொரு கணக்கு, அதிலிருந்து மற்றொன்று என்று சில மணி நேரத்திலேயே பணம் பிரிந்து ஓடிவிடும். கடைசியில் யாராவது மெஷினில் நோட்டாக எடுத்துவிட்டால், அல்லது வெளிநாட்டுக்கு மாற்றிவிட்டால், அப்புறம் பிடிப்பது மிகக் கடினம். 997இல் இருப்பவர்கள் அந்த ஓட்டத்தின் பின்னாலேயே போய், எந்தக் கணக்கில் இன்னும் பணம் நிற்கிறதோ அதைத் தடுத்து நிறுத்தப் பார்க்கிறார்கள். அதனால் பத்து நிமிடம் கழித்துச் சொல்வதற்கும் நாலு நாள் கழித்துச் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த நாலு நாள் எப்படிக் கழிகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் தாயார் ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றார். “டீச்சர், அவசரமா ஒரு 2,000 வெள்ளி கைமாத்து வேணும். திங்கக்கிழமை 11,000 வெள்ளி வந்துரும். வந்ததும் கொடுத்துடறேன்” என்றார். பதினோராயிரம் வெள்ளி எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

ஹோட்டல் படங்களுக்கு நட்சத்திரம் போடும் வேலையாம். முதல் நாள் 18 வெள்ளி உண்மையாகவே கணக்கில் விழுந்திருக்கிறது. மறுநாள் 45 வெள்ளி. பிறகு டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே பலரும் “எனக்கு இன்று 900 வந்தது”, “எனக்கு 1,600 வந்தது” என்று ரசீது காட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்து, முன்பணம் கட்டிச் செய்யும் வேலை. 100 வெள்ளி கட்டியதும் 130 திரும்பி வந்தது. அதற்குப் பிறகு கட்டியது எதுவும் திரும்பவில்லை. முதலில் 500, பிறகு 1,800, பிறகு 3,000. இதில் 1,500 வெள்ளி சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்தது. 2,000 வெள்ளி வளையலை அடகு வைத்தது. 1,800 வெள்ளி சீட்டு எடுத்த பணம். கைப்பேசித் திரையில் மட்டும் ‘உங்கள் இருப்பு 11,260 வெள்ளி’ என்று காட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கப் போனால், முதலில் 2,000 வெள்ளி வரி கட்ட வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் என் வாசலுக்கு வந்தார்.

இதே நிலையில் இருப்பவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். திரையில் தெரியும் அந்த எண் பணமல்ல. கரும்பலகையில் நான் சாக்கட்டியால் 11,260 என்று எழுதினால் அது எப்படியோ, இதுவும் அப்படித்தான். அந்தப் பக்கத்தை உண்டாக்கியவன் எதை வேண்டுமானாலும் எழுதுவான். வரி, காப்புறுதி, கணக்கைத் திறக்கும் கட்டணம், தவறாக அழுத்தியதற்கு அபராதம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இனி ஒரு சல்லிக்காசு கட்டக் கூடாது. நம் நாட்டில் வருமான வரியைக் கட்டுவது உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம். யாரோ ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்கில் அல்ல. ‘இவ்வளவு போட்டாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் போட்டால் எல்லாம் வந்துவிடும்’ என்று மனம் சொல்லும். அந்த நினைப்பை நம்பித்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

அந்தத் தாயார் செவ்வாய்க்கிழமை இரவே தூக்கம் கெட்டுச் சந்தேகப்பட்டிருக்கிறார். ஆனால் வீட்டுக்காரர் திட்டுவார், பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார் என்று சனிக்கிழமை வரை வாயைத் திறக்கவில்லை. நானும் அவரும் உட்கார்ந்து 997ஐ அழைத்துப் பேசி, அன்று மதியமே போலீஸ் நிலையத்துக்கும் போனோம். பணம் போன கணக்குகள் அந்தந்த நாளிலேயே காலியாகிவிட்டன என்று பிறகு விசாரணை அதிகாரி சொன்னார். பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டும் ஒரு தம்பிக்கு இதே மாதிரி நடந்தது. அவர் கடைசிப் பணத்தை அனுப்பிய இருபதாவது நிமிடத்தில் சந்தேகப்பட்டு, சாலையோரத்தில் லோரியை நிறுத்திவிட்டு அழைத்தார். அவருடைய பணத்தில் 1,200 வெள்ளி அந்தக் கணக்கிலேயே தடுத்து நிறுத்தப்பட்டது. அது இன்னும் அவர் கைக்கு வந்து சேரவில்லை. விசாரணை முடிய வேண்டுமாம். ஆனாலும் திருடன் கைக்குப் போகவில்லை.

இங்கே வீட்டுக்காரர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியோ மகனோ வந்து ‘பணம் போய்விட்டது’ என்று சொன்னால், அந்த ஒரு நாள் மட்டும் திட்டாமல் இருங்கள். திட்டுவதற்கு ஆயுள் முழுக்க நாள் இருக்கிறது. 997ஐ அழைக்க அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. ஏமாந்தவர்கள் எல்லாம் படிக்காதவர்கள் என்ற பேச்சும் வேண்டாம். என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்களிலேயே இரண்டு பேர் பணம் இழந்திருக்கிறார்கள்.

அழைக்கும் முன் ஒரு தாளில்

முடிந்தால் பிள்ளையின் கட்டுரைப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சிலவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு பணம், உங்களுடைய எந்த வங்கியிலிருந்து, எந்த வங்கியின் எந்தக் கணக்கு எண்ணுக்கு, யார் பெயருக்கு அனுப்பினீர்கள் என்பது முக்கியம். மூன்று முறை அனுப்பியிருந்தால் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். வெட்கப்பட்டு ஒன்றை மறைத்துவிட்டால், அந்த ஒன்றில்தான் பணம் நின்றுகொண்டிருக்கலாம். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடவும் வேண்டாம். கடைசியாக அனுப்பியதை முதலில் சொல்லுங்கள். பழையதைப் பிறகு சொல்லலாம்.

பணம் மட்டும் அனுப்பினீர்களா, அல்லது அவர்கள் சொன்ன ஏதாவது செயலியைக் கைப்பேசியில் இறக்கினீர்களா, வங்கியின் ரகசிய எண்ணையோ பாஸ்வேர்டையோ கொடுத்தீர்களா என்பதையும் சொல்ல வேண்டும். செயலி இறக்கியிருந்தால் ஆபத்து வேறு மாதிரி. மீதியிருக்கும் பணத்தையும் அவர்கள் எடுத்துவிடலாம். உடனே அந்தக் கைப்பேசியின் இணையத்தை நிறுத்திவிட்டு, வேறு ஒருவருடைய கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்து, கணக்கை முடக்கச் சொல்லுங்கள். இப்போது வங்கிச் செயலிகளிலேயே கணக்கை நாமே முடக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. சம்பளம் போடும் கணக்காயிற்றே, முடக்கினால் என்ன செய்வது என்று தயங்க வேண்டாம். அடையாள அட்டையோடு வங்கிக்குப் போனால் திறந்துகொள்ளலாம்.

இன்னொன்று, கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். பேசிய பேச்சு, அவர்கள் அனுப்பிய கணக்கு எண், டெலிகிராம் குழு, திரையில் காட்டிய பொய்க்கணக்கு, வங்கி ரசீது எல்லாவற்றையும் திரைப்படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பார்த்துவிட்டால் தங்கள் பக்கத்துச் செய்திகளை அழித்துவிடுவார்கள். ஆகவே ‘உங்கள்மேல் போலீசில் சொல்லிவிட்டேன்’ என்று அவர்களிடம் வீரம் பேச வேண்டாம். முதலில் படம் பிடியுங்கள், பிறகு அந்த எண்ணைத் தடை செய்யுங்கள்.

போலீஸ் நிலையத்தில்

997இல் சொல்லிவிட்டாலும் போலீஸ் புகார் கட்டாயம் கொடுக்க வேண்டும். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். ‘உங்கள் தோட்டம் எங்கள் வட்டாரத்தில் இல்லை, அங்கே போங்கள்’ என்று திருப்பி அனுப்ப முடியாது. மலேசியாவில் எங்கே நடந்த குற்றமானாலும் புகாரை ஏற்றுக்கொள்வது போலீஸ் அதிகாரியின் கடமை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107வது பிரிவு சொல்கிறது. மலாயில் எழுத வராதவர்கள் பயப்பட வேண்டியதில்லை. வாயால் சொன்னால் அவர்கள் எழுதிக்கொள்வார்கள். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. வாசிக்கக் கேட்டு, கணக்கு எண்களும் தொகையும் சரியாக இருக்கின்றனவா என்று தாளோடு ஒத்துப் பார்த்து, அதன் பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஓர் எண் மாறிவிட்டால் வேறு யாருடைய கணக்கையோ தேடிக்கொண்டிருப்பார்கள். புகாரின் பிரதியையும் விசாரணை அதிகாரியின் பெயர், தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் தனியாகப் போகாமல், மலாய் நன்றாகப் பேசும் மகனையோ மகளையோ கூட அழைத்துப் போவது நல்லது.

இப்படி ஏமாற்றுவது குற்றவியல் சட்டத்தின் 420வது பிரிவில் வருகிறது. நிரூபணமானால் ஓராண்டிலிருந்து பத்தாண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம். புகாரில் உங்களுக்கு ஆரம்பத்தில் வந்த சின்னத் தொகையையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த 18 வெள்ளியும் 45 வெள்ளியும் பெரும்பாலும் உங்களைப் போல ஏமாந்த இன்னொருவரின் பணமாக இருக்கும். அவர் புகார் கொடுத்தால் உங்கள் கணக்கு எண்ணும் அதில் வரும். நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பின்னால் தலைவலி இல்லை.

இதோடு சேர்த்து இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பணம் இழந்தவர்களிடம், ‘உங்கள் வங்கிக் கணக்கை எங்களுக்குக் கொடுங்கள், அதில் போட்டதைக் கழித்துக்கொள்ளலாம்’ என்று சிலர் கேட்கிறார்கள். கார்டைக் கொடுத்தால் நீங்களே கழுதைக் கணக்கின் சொந்தக்காரர். 2024இல் சட்டம் திருத்தப்பட்டு, கணக்கை இப்படி மற்றவர் கையில் கொடுப்பதே தனிக் குற்றமாகிவிட்டது. ஏமாந்தவனாக நிலையத்துக்குள் போனவன் குற்றவாளியாக வெளியே வர நேரும்.

பணம் திரும்பி வருமா?

பெரும்பாலும் வருவதில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தடுத்து நிறுத்தப்பட்ட பணம் இருந்தால், அது யாருடையது என்று முடிவான பிறகு கிடைக்கலாம், அதற்கு மாதக்கணக்காகும். வங்கியே ஈடு கட்டுமா என்றால், அது பணம் எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது. உங்களுக்குத் தெரியாமல் யாரோ புகுந்து எடுத்திருந்தால் ஒரு கணக்கு. ஏமாற்றப்பட்டாலும் நீங்களே விரலால் அழுத்தி அனுப்பியிருந்தால் வேறு கணக்கு. இரண்டாவதில் வங்கி பெரும்பாலும் மறுத்துவிடும். ஆனாலும் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்து, எழுத்துமூலமாகப் பதில் வாங்குங்கள். நீங்கள் உடனே தகவல் கொடுத்தும் வங்கி அசட்டையாக இருந்தது என்று தோன்றினால், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நிதிச் சந்தைக் குறைதீர் அமைப்பிடம் முறையிடலாம். ‘எஃப்எம்ஓஎஸ்’ என்று கேட்டால் தெரியும். 2025 ஜனவரி முதல் இயங்கும் இதற்குப் பயனீட்டாளர் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. வங்கியின் முடிவு கிடைத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். எங்கே போவது என்று புரியாவிட்டால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணில் கேட்கலாம்.

பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று வருகிறவன்தான் இரண்டாவது திருடன். ஏமாந்தவர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் அவர்களிடமே இருக்கின்றனவே! ‘நான் வக்கீல்’, ‘நான் புக்கிட் அமானிலிருந்து பேசுகிறேன்’, ‘கணினி நிபுணர், பத்து விழுக்காடு கொடுத்தால் மீட்டுத் தருவேன்’ என்று ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ அழைப்பு வரும். அவன் உங்கள் பெயரையும் இழந்த தொகையையும் சரியாகச் சொல்வான். அதைக் கேட்டு நம்பிவிடாதீர்கள். உண்மையான அதிகாரி எவரும் முன்பணம் கேட்பதில்லை, ரகசிய எண்ணைக் கேட்பதில்லை. சந்தேகமிருந்தால் போனை வைத்துவிட்டு, நீங்கள் புகார் கொடுத்த நிலையத்தை நீங்களே அழைத்துக் கேளுங்கள். எந்தக் கணக்கு எண்ணையும் பணம் அனுப்பும் முன் போலீசின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். அந்த எண்மீது முன்பே புகார் இருந்தால் காட்டும். காட்டாவிட்டால் யோக்கியன் என்று அர்த்தமில்லை. இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பியவர்கள் அதையும் போலீஸ் புகாரில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று பேங்க் நெகாராவின் ‘இ-சிக்ரிஸ்’ மூலமாக இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து வருவது நல்லது.

மிஞ்சியிருக்கும் கடன்

போனது சேமிப்பு மட்டுமென்றால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். கடன் வாங்கிப் போட்டவர்களின் கதை வேறு. அடகு வைத்த நகை இருந்தால் முதலில் அடகுச் சீட்டை எடுத்து மீட்புத் தேதியைப் பாருங்கள். துக்கத்தில் அந்தத் தேதியைத் தவறவிட்டால் நகையும் போய்விடும். சீட்டுப் பணத்தைப் போட்டவர்கள் சீட்டு நடத்தும் அக்காவிடம் நேரில் போய் உண்மையைச் சொல்லித் தவணை கேளுங்கள். ஒளிந்து திரிந்தால்தான் சண்டை வரும். வங்கிக் கடன் கட்ட முடியாமல் போனால் ‘ஏகேபிகே’ என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் கட்டணமில்லாமல் கணக்குப் பார்த்து, கட்டக்கூடிய தவணைக்கு வழி செய்யும். ஆலோங்கிடம் மட்டும் போகவே வேண்டாம். போன 5,000த்தை ஈடுகட்ட அங்கே 2,000 வாங்கியவர்கள், பிறகு தோட்டத்தை விட்டே இரவோடு இரவாகப் போனதை நான் கண்டிருக்கிறேன். பிள்ளையின் பள்ளிப் பையைக்கூட எடுத்துப் போகவில்லை.

சேமநிதியின் மூன்றாம் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மே மாதம் வந்த இந்தக் கணக்கில், மாதாமாதம் சேரும் சேமநிதிப் பணத்தில் பத்து விழுக்காடு போய்ச் சேர்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது நல்ல வசதிதான். அந்த வசதி திருடர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ‘உங்கள் மூன்றாம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?’ என்று முன்பின் தெரியாதவன் கேட்டால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

புகார் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். நாலு வாரம் கழிந்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று நிலையத் தலைவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு அது. கேட்ட இரண்டு வாரத்துக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். வாயால் கேட்காமல் கடிதமாகக் கொடுங்கள். உங்கள் பெயர், அடையாள அட்டை எண், புகார் எண், தேதி இவ்வளவும் இருந்தால் போதும். நாலே வரிக் கடிதம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். மலாயில் எழுதச் சிரமமென்றால் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் எழுதித் தருவார்கள். எங்கள் பள்ளி மதியம் ஒன்றரைக்கு விடும். அதற்குப் பிறகு வந்தால் நிதானமாக உட்கார்ந்து எழுதலாம். புகாரின் பிரதியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.